உறவுப் பத்தியில் ‘மருமகன்’

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே சமையலில் உண்டு சேர்ந்து வாழ்வோர் ஒரு குடும்பமாவர். அவரவர்க்குக் குடும்பத் தலைவரோடுள்ள உறவு தனிப்பத்தியில் பதிவாகும். மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ் இல்லங்களில் இப்பத்தியை நிரப்புவது மொழிபெயர்ப்புப் பணியே.

நெல்லையிலிருந்து தாராவியில் குடியேறிய ஒருவர் உடனுறையும் இளைஞனை ‘மருமகன்’ என்றால், அவன் மகளின் கணவனாகலாம்; மணமாகாத உடன்பிறந்தாள் மகனுமாகலாம். மராத்தியில் முன்னவன் ‘ஜாவயி’, பின்னவன் ‘பாச்சா’. தலைவர் பெண்ணாயின், உடன்பிறந்தான் மகனே மருமகன். உடன்பிறந்தாள் மகன் மகனாவான்.

‘மருமகன்’ என்பதில் நேரும் பிழை பெரிதன்று. மணமான மகள் இல்லாத வீட்டில் அச்சொல் படிவத்திலேயே உறுத்தும். ‘மகன்’ அவ்வாறன்று. அண்ணன் மகனையும் ஓர் ஆண் ‘மகன்’ என்பது தமிழ் மரபு; 1871இல் மார்கன் தமிழுறவு முறையை அமெரிக்க இரோக்குவா மக்களின் முறையோடு ஒப்பிட்டதற்கு இத்தகைய கூறுகளே அடிப்படை. சொன்னவாறே எழுதினால் விரிந்த குடும்பம் தனிக்குடும்பமாக அட்டவணையேறும், பிழை வெளித்தெரியாது. ஈழத்தமிழர் ‘பெறாமகன்’ என வேறுபடுத்துவது ஈண்டு நோக்கத்தக்கது.

‘சகோதரன் மகன்’, ‘சகோதரி மகன்’ என விரித்தெழுதுமாறு கணக்கெடுப்புக் கையேடு பணிக்கிறது. எனினும் ‘மகன்’ என்னும் விடையைக் கேட்ட மராத்தியருக்கு, மேலும் வினவவேண்டும் என்றே தோன்றுவதில்லை.