ப்ளூஸ் ஸ்லைடு கிட்டார்: மெட்டுகளுக்கு நடுவே ஒரு குரல்

1903 வாக்கில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள டட்வைலர் ரயில் நிலையத்தில் டபிள்யூ. சி. ஹாண்டி என்ற இசைக்கலைஞர் ரயிலுக்குக் காத்திருந்தார். அருகில் ஓர் ஏழைக் கறுப்பினத்தவர் கிட்டார் தந்திகளின்மேல் கத்தியை வைத்து இழுத்தபடி பாடிக்கொண்டிருந்தார். 1941இல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில் ஹாண்டி இதை எழுதியிருக்கிறார். கத்தியின் இடத்துக்குக் கண்ணாடிப் புட்டியின் கழுத்தும் பிறகு கண்ணாடி, உலோகக் குழாய்களும் வந்தன. அதுதான் ஸ்லைடு.

வழக்கமான வாசிப்பில் விரல் தந்தியை அழுத்துகிறது. பலகையில் பதித்த உலோக மெட்டு ஸ்வரத்தை முடிவு செய்கிறது. ஸ்லைடு அப்படியல்ல. விரலில் மாட்டிய குழாய் தந்தியின்மேல் லேசாகப் படிந்திருக்கும், பலகையைத் தொடாது. குழாய் தொடும் இடமே தந்தியின் எல்லை. அதை நகர்த்த நகர்த்தச் சுருதியும் இடைவெளியின்றி ஏறி இறங்கும். ப்ளூஸுக்கு உயிரான ஸ்வரம், சிறிய காந்தாரத்துக்கும் பெரிய காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதை எளிதாகத் தொட வைப்பதே ஸ்லைடின் பெருமை.

கற்கத் தொடங்குபவர் முதலில் சுருதியை மாற்ற வேண்டும். ‘ஓப்பன் டி’ முறையில், தடித்த தந்தியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று கூட்டினால், வெறும் தந்திகளை மீட்டினாலே டி மேஜர் ஒலிக்கும். ஸ்லைடை நேராக 5ஆவது மெட்டின்மேல் வைத்தால் ஜி, 7இல் ஏ, 12இல் மறுபடி டி, ஒரு ஸ்தாயி மேலே. பன்னிரண்டு தாளக்கட்டு ப்ளூஸுக்கு வேண்டிய மூன்று கார்டுகளும் கிடைத்துவிட்டன. குழாயைச் சுண்டுவிரலில் மாட்டினால் மற்ற மூன்று விரல்களும் வேலைக்கு மிஞ்சும். தந்திகள் பலகையிலிருந்து சற்று உயர்ந்தும் தடித்தும் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் குழாய் மெட்டுகளில் இடித்துக் கடகடக்கும்.

குழாய் நிற்க வேண்டிய இடம் மெட்டுக்குப் பின்னால் அல்ல, நேர் மேலே. மேலே போகப் போக மெட்டுகள் நெருங்குகின்றன. 12ஆவதைத் தாண்டினால் இடைவெளி தொடக்கத்தில் இருந்ததில் பாதிதான். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் சுருதி இரு மடங்கு விலகும். ஆகவே கண் வழிகாட்டலாம்; தீர்ப்புச் சொல்வது காது.

அடுத்தது, வேண்டாத ஒலியை அடக்குவது. குழாய்க்குப் பின்னால் இருக்கும் விரல்கள் தந்திகளை மெதுவாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மீட்டாத தந்திகளை வலது கை விரல்கள் அமர்த்த வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஸ்லைடு வெறும் இரைச்சல். பிறகு அசைவு: ஸ்வரத்தை அடைந்தபின் குழாயை மெட்டின் இருபுறமும் சீராக ஆட்டினால் ஒலி குரலாகிறது. விரைவில் அல்ல, ஒரே சீரில்தான் அதன் அழகு.

தனி வாசிப்பைப் பழக, எல்மோர் ஜேம்ஸ் 1951இல் பதிவு செய்த ‘டஸ்ட் மை புரூம்’ நல்ல பாடம். ஓப்பன் டியில், 12ஆவது மெட்டுக்குச் சறுக்கி ஏறி, மேல் தந்திகளில் மும்மூன்றாக விழும் அந்தத் தொடக்கத்தை மெதுவாகக் கற்றால் சறுக்கலும் சுருதியும் தாளமும் ஒன்றாகக் கைவசமாகும்.

பயிற்சியை இதோடு நிறுத்திவிட்டு, பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் சொற்களின்றி முனகியபடி வாசித்த பதிவைக் கேளுங்கள். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலிகளோடு சென்ற இசை அது. எது தொண்டை, எது தந்தி என்று பிரிக்க முடியாத அளவுக்கு இரண்டும் இழைந்திருக்கும். அதனால் எந்த வரியையும் முதலில் வாயால் பாடுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் குழாயையும் நிறுத்துங்கள். பாட முடிந்த வரியைத்தான் ஸ்லைடு உண்மையாகச் சொல்லும்.