பொன்னுக்குவீங்கி விரையை ஏன் தாக்குகிறது?

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியோ திருச்சி உறையூரோ, பிள்ளைக்குக் கன்னம் வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலி ஏறும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். பொன்னுக்குவீங்கி வாரம், பத்து நாளில் தானாக வடியும். பாராட்டு என்னவோ சங்கிலிக்கு!

வயதுக்கு வந்த ஆணுக்கு வந்தால் கதை வேறு. கன்னம் வீங்கிய நாலைந்து நாளில் காய்ச்சல் மறுபடி ஏறி, விரை வீங்கி வலிக்கலாம். தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு இப்படி ஆகிறது. கிரேக்கத்தின் தாசோஸ் தீவில் ஹிப்போகிரட்டஸ் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்து எழுதினார்.

எப்படி? வைரஸ் ரத்தத்தில் பரவிச் சுரப்பிகளில் குடியேறுகிறது, சிறுநீரிலும் வெளியேறுகிறது. விரையைச் சுற்றிய வெண்ணிற உறை விரிந்து கொடுக்காது. உள்ளே வீக்கம், வெளியே இறுக்கம். நடுவில் விந்தணு உருவாகும் நுண்குழாய்கள் நசுங்குகின்றன. விரை வீங்கியவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அது ஓரளவு சுருங்கிவிடும். பெரும்பாலும் ஒரு பக்கமே பாதிக்கப்படுவதால் முழு மலட்டுத்தன்மை அபூர்வம். திண்ணைப் பேச்சு சொல்லும் அளவுக்குப் பயம் தேவையில்லை.

2017இல் தமிழகத்துக்கு வந்த எம்.ஆர். தடுப்பூசி தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கு மட்டும். பொன்னுக்குவீங்கியைத் தடுப்பது எம்.எம்.ஆர்.

கன்னம் வீங்காமல் விரை மட்டும் திடீரென வலித்தால் முறுக்கமாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.