குரங்கணி ஏறும் வழி: அன்றும் இன்றும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் குரங்கணி. அங்கிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறினால் உச்சியில் டாப் ஸ்டேஷன். நடுவழியில் சென்ட்ரல் ஸ்டேஷன். பேர்தான் ஸ்டேஷன், தண்டவாளம் எதுவும் கண்ணில் படாது.

ஒரு காலத்தில் மேலே தண்டவாளம் இருந்தது. மூணாறுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். மாடுகள் வண்டியை இழுத்தன. 1908-ல் அது இரண்டடி அகலப் பாதையாகி, நீராவி ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு தூத்துக்குடித் துறைமுகம். பெட்டிக்கு வடம் இருந்தது, மனிதருக்குக் கால்தான். தோட்ட வேலைக்குப் போனவர்கள், அரிசி சுமந்தவர்கள், முதுவர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து சந்தைக்கு இறங்கியவர்கள் எல்லாரும் இந்த மலையை நடந்தே கடந்தார்கள். வழிகாட்டிப் பலகை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. நாள்தோறும் மிதிபட்ட தடத்தில் புல் முளைக்காது; வழி மறைக்கும் கிளையை யாராவது ஒருவர் வெட்டுக்கத்தியால் தட்டிவிட்டுப் போவார்.

1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. பின்னாளில் சரக்கு சாலைக்கு மாறியது, கம்பிவடமும் நின்றது. நடப்பவர்கள் குறையக் குறையப் பாதையும் மெலிந்தது.

வரைபடத்தில் மட்டும் அது மெலியவில்லை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் ஒற்றையடிப்பாதை விட்டுவிட்டுப் போகும் சிவப்புக் கோடாக இருக்கும். அளந்த ஆண்டில் அங்கே ஆள் நடந்தார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி; இன்றைக்கு நடக்கிறார்களா என்று அது சொல்லாது. அந்தத் தாளில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. இரண்டு கோடுகளுக்கு நடுவே பதினைந்து மீட்டர் பாறைச் சரிவு சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். கைப்பேசி நாம் நிற்கும் இடத்தைச் சரியாகவே காட்டுகிறது. ஆனால் யாரோ கோடையில் நடந்து பதிந்துவைத்த தடம், மழைக்குப் பின் ஆள் மறையும் புல்லுக்குள் கிடக்கும். காட்டுமாடு போகும் தடம் மனிதத் தடத்தைவிட அகலமாகவே இருக்கும். அதை நம்பி இறங்கினால் ஓடையில் கொண்டுபோய் விடும். வழி தெரிந்தவர் தரையோடு தோளுயரத்தையும் பார்க்கிறார்: கத்தி பட்ட கிளை இருக்கிறதா என்று.

2018 மார்ச் 11 அன்று இந்த மலையில் பிடித்த காட்டுத்தீயில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிய மலையேற்றக் குழுக்களைச் சேர்ந்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. அந்த நேரத்தில் எந்தப் பக்கம் புல் இல்லாத பாறை, எந்தப் பக்கம் பள்ளம் என்பது தெரிந்திருக்க வேண்டும். எந்த வரைபடத்திலும் அது இல்லை. அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியது. குரங்கணி–சாம்பலாறும் அதில் ஒன்று. இணையத்தில் பதிவு, கூடவே மலைக் கிராமத்து இளைஞர் வழிகாட்டி, தீக்காலத்தில் பாதை மூடல். காட்டுக்குள் போக அனுமதிச் சீட்டா என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சலிப்பு இல்லை. முன்பு ஊரே சேர்ந்து செய்த வேலையை இப்போது அந்த இளைஞர் ஒருவராகச் செய்கிறார்; வழியறிந்ததற்கு அவருக்குக் கூலியும் கிடைக்கிறது.

ஆனால் அவர் அறிந்தது தாளில் ஏற வேண்டும். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வனத்துறை இந்த வழிகாட்டிகளோடு ஒவ்வொரு பாதையையும் நடந்து அளக்கலாம். பாதை பிரியும் இடங்களில் எண்ணிட்ட கல் நட்டு, அடுத்த தண்ணீர் எவ்வளவு தூரம், அவசரத்துக்கு எந்தப் பக்கம் இறங்கலாம் என்று அதில் தமிழில் எழுதலாம். புதுத் தாளில் அளந்த மாதத்தையும் ஆண்டையும் மேல் மூலையிலேயே அச்சிட வேண்டும்.