கைராசியா, கவனமா?

"உனக்குக் கைராசி இல்லேம்மா, விட்டுடு!" என்றார் மாமியார்.

சீட்டுப் பணம் 3,000 ரூபாயைப் போட்டு நான் அரைத்த இட்லி மிளகாய்ப் பொடி, கட்டி தட்டிப் போய், கடையிலிருந்து திரும்பி வந்த நாள் அது. அடுத்த மாதச் சீட்டுக்கு என்ன செய்வது? அழாத குறைதான்.

தொழிலில் ஜெயிப்பது ராசியாலா? மற்ற ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள்? தேடிப் பிடித்துப் படித்தேன்.

அமெரிக்காவில் விழுந்து எழுந்தவருக்கு மதிப்பு அதிகம். ஹென்றி ஃபோர்டு 1899-இல் கூட்டாக ஆரம்பித்த முதல் கார் கம்பெனி, 1901-இல் மூடப்பட்டது. 'ராசியில்லாத மனுஷன்' என்று யாரும் ஒதுக்கவில்லை. மறுபடி பணம் போட்டார்கள். 1903-இல் ஃபோர்டு மோட்டார் கம்பெனி பிறந்தது.

ஜப்பானிலோ, நீடித்து நிற்பதுதான் பெருமை. கோயில் கட்டும் 'கோங்கோ குமி' நிறுவனம் 578-இல் தொடங்கியதாம்! 2006-இல் வேறு கம்பெனியோடு சேரும்வரை ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. திறமையுள்ள மருமகனிடமும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

ஆப்பிரிக்காவில், டோகோ நாட்டு லோமே சந்தையில் துணி விற்றே பென்ஸ் கார் வாங்கினார்கள் சில பெண்கள். 'நானா பென்ஸ்' என்றே அவர்களுக்குப் பெயர். எந்த டிசைன் விலைபோகும் என்று வாங்குகிறவர்களின் மனசு அவர்களுக்கு அத்துப்படி.

இத்தனை தூரம் போவானேன்? நம் பம்பாயில், 1959-இல், ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் 'லிஜ்ஜத்'. உறுப்பினர்களான பெண்கள் எல்லாருமே அங்கே முதலாளிகள். முதல் மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் வேலை நின்றது. மறு வருஷம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு கட்டில் வாங்கி, மேலே அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள்! அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் ராசியை நோகவில்லை. ஈரத்துக்கு வழி தேடினார்கள். நான் செய்த தப்பு என்ன? வறுத்த பருப்பின் சூடு ஆறுமுன் அரைத்து, பொடியையும் சூட்டோடு பாக்கெட்டில் அடைத்தேன். உள்ளே வேர்த்து ஈரம் கோத்துக்கொண்டது. அவ்வளவுதான்!

இந்த முறை அரைக் கிலோ மட்டும் வறுத்து, தட்டில் பரப்பினேன். மாமியார் மெல்ல வந்து உட்கார்ந்தார்.

"ஆறிடுச்சான்னு நான் தொட்டுப் பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் மிக்ஸி பக்கம் போகாதே!"