காலந்தாழ்த்தி வரும் கடைவாய்ப் பல்



வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் நான். எந்த வகுப்பிலும் ஒரு மாணவன் இருப்பான். மணி அடித்து, இறைவணக்கம் முடிந்து, வருகைப் பதிவேட்டையும் மூடிய பிறகுதான் அவன் வாசலில் வந்து நிற்பான். பெஞ்சில் இடம் இருந்தால் ஓசைப்படாமல் அமர்ந்துகொள்வான். இடம் இல்லையென்றாலோ பக்கத்தில் இருப்பவனை இடிப்பான். பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு உட்காருவான். அவனை என்ன செய்வது? பிந்தி வந்தான் என்ற ஒரே காரணத்துக்காக வெளியே அனுப்பிவிடலாமா? அல்லது, சற்று நேரம் சத்தம் அடங்கியிருக்கிறது என்பதற்காகக் கவனியாமல் விட்டுவிடலாமா? இரண்டும் தவறு. அவன் எப்படி அமர்ந்திருக்கிறான், அருகில் இருப்பவனுக்குத் தொல்லை தருகிறானா என்று பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

நம் வாயிலும் இப்படி ஒருவன் உண்டு. அவனுக்கு நாம் இட்டிருக்கும் பெயரோ மிகப் பெரிது: ஞானப்பல். அந்தப் பல்லைப் பற்றியும், அதை எப்போது எடுக்கவேண்டும், எப்போது எடுக்கவேண்டியதில்லை என்பதைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இலத்தீன் மொழியினரும் இதனை அறிவுப் பல் என்றே அழைத்தனர். துருக்கியர் இருபது வயதுப் பல் என்பர். ஜப்பானியர் இட்ட பெயர் என் உள்ளத்தை மிகவும் தொடுகிறது; பெற்றோர் அறியாத பல் என்பது அதன் பொருள். குழந்தையின் முதல் பால்பல்லை விரலால் தடவிப் பார்த்து மகிழ்ந்த தாய், இந்தக் கடைசிப் பல் முளைப்பதை அறிவதில்லை. அப்போது பிள்ளை கல்லூரி விடுதியிலோ, வெளியூர் வேலையிலோ இருக்கிறான். வலித்தாலும் வீட்டுக்குச் சொல்வதில்லை. இப்பல்லால் விளையும் துன்பங்களில் பாதி, இப்படிச் சொல்லாமல் இருப்பதனால் விளைவதே ஆகும்.

பற்கள் வரும் ஒழுங்கை ஆசிரியன் முறையிலேயே சொல்கிறேன். பால்பற்கள் 20, நிலைப்பற்கள் 32. வாயை மேல், கீழ், இடம், வலம் என நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் எட்டுப் பேர் அமரும் ஒரு பெஞ்சு. முன்னால் வெட்டும் பற்கள் இரண்டு. அடுத்துக் கோரைப்பல் ஒன்று. அதற்குப் பின் சிறு கடைவாய்ப் பற்கள் இரண்டு. இறுதியில் பெருங் கடைவாய்ப் பற்கள் மூன்று. இந்த மூன்றில் முதலாவது, பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும் 6 வயதை ஒட்டி வருகிறது. இரண்டாவது, ஏழாம் வகுப்பில் இருக்கும்போது, ஏறத்தாழ 12 வயதில் வருகிறது. மூன்றாவதோ பள்ளிப் படிப்பையே முடித்து வெளியேறும் பருவத்தில், 17 முதல் 25 வயதுக்குள் பெரும்பாலும் வருகிறது. அந்த மூன்றாவது பல்தான் ஞானப்பல். சிலருக்கு நான்கும் வரும். சிலருக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் வரும். பிறவியிலேயே இப்பல் ஒன்றுகூட இல்லாதவரும் உண்டு, அது குறையன்று.

எட்டாமவன் வரும்போது பெஞ்சில் இடம் இல்லாமற் போவது ஏன்? பழங்கால மனிதர் பச்சைக் கிழங்கையும் முரட்டு இறைச்சியையும் நாள்தோறும் மென்று தின்றனர். இளமையில் தாடைக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறோமோ அதற்கேற்ப அது வளர்ச்சி பெறுகிறது. நெருப்பும் திரிகையும் வந்தபின் உணவு மென்மையாயிற்று. தாடையும் காலப்போக்கில் சிறுத்தது. பல்லின் எண்ணிக்கையோ பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது. ஞானப்பல் தேய்ந்து மறையும் நிலையில் உள்ள ஓர் உறுப்பு என்ற கருத்தைச் சார்லசு டார்வின் 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே எழுதியிருக்கிறார்.

இடம் இல்லாத பல் என்ன செய்யும்? ஒன்று, எலும்புக்குள்ளேயே படுத்துவிடும். அல்லது, முன்புறம் சாய்ந்து இரண்டாம் கடைவாய்ப் பல்லின் மேல் முட்டிக்கொண்டு நிற்கும். அல்லது, பாதி மட்டும் வெளியே தலைநீட்டி, மீதியை ஈறு மூடியிருக்கும். இந்த மூன்றாம் நிலைதான் பெரும் தொல்லை தருவது. பல்லின் மேல் ஈறு ஒரு சிறு மூடி போல் கிடக்கிறது. அதன் அடியில் சோற்றுப் பருக்கையும் கிருமியும் புகுந்து தங்குகின்றன. பிரஷ் அங்கே எட்டுவதில்லை. நாள் செல்லச் செல்ல ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கிறது. சாய்ந்து முட்டும் பல்லோ, தனக்கும் அண்டைப் பல்லுக்கும் இடையே உணவைச் சேர்த்துவைத்து, குற்றமற்ற அந்த அண்டைப் பல்லையும் சொத்தையாக்கிவிடுகிறது.

என் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கி, தென்காசித் தெருக்களெல்லாம் வெளியூர் வண்டிகளால் நிறைந்திருந்த நேரம். என்னிடம் படித்த பையன் ஒருவன், வயது இருபது இருக்கும், நண்பர்களுடன் அருவிக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்தான். ஒரு கன்னம் சற்றே உப்பியிருந்தது. "என்ன தம்பி?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை சார், கடைசிப் பல் முளைக்கிறது. போன தடவையும் இப்படித்தான் வந்தது, கிராம்பு வைத்தேன், நாலு நாளில் போய்விட்டது" என்றான். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

மூன்றாம் நாள் இரவு அவனுடைய தந்தையார் என் வீட்டுக் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால், பையனால் வாயை ஒரு விரல் அளவுகூடத் திறக்க முடியவில்லை. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. எச்சிலை விழுங்கவும் முடியாமல் தவித்தான். அவ்விரவே பாளையங்கோட்டைக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர்கள் சீழை வெளியேற்றி, நரம்பு வழியாக மருந்து செலுத்திக் காப்பாற்றினார்கள். "இன்னும் சில மணி நேரம் கழிந்திருந்தால் மூச்சுக் குழல் அடைபட்டிருக்கும்" என்றார் ஒரு மருத்துவர். பல்வலிதானே என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். அது உயிர்வரை போகும் என்பதை அன்று நேரில் கண்டேன்.

அந்தப் பையன் செய்த தவறு, கிராம்பு வைத்ததன்று. கிராம்பு நமக்குப் புதிய பொருளும் அன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்திலேயே குற்றாலத்தில் கிராம்பும் சாதிக்காயும் பயிரிடப்பட்டன. தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் விளையும் கிராம்பு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. கிராம்பில் யூஜினால் என்னும் எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. அது நரம்பைச் சற்று மரக்கச் செய்து வலியைத் தணிக்கிறது. ஆனால் ஈற்றின் மூடிக்கு அடியில் தங்கிய அழுக்கை அது அகற்றுவதில்லை. சாய்ந்த பல்லை நிமிர்த்துவதும் இல்லை. வடிகட்டிய கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துபோவதும் உண்டு. வலி நின்றது வேறு. நோய் நீங்கியது வேறு. இந்த ஒன்றை அவன் அறியாமற் போனதே தவறு. மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குவோர் செய்வதும் இதே தவறுதான்.

அப்படியானால், ஞானப்பல் வந்தவுடன் எல்லோரும் எடுத்துவிட வேண்டியதுதானா? அதுவும் இல்லை. என் வாயில் கீழ்த்தாடையின் வலப்பக்கத்து ஞானப்பல், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த நாளில் முளைத்தது. அறுபதைத் தாண்டிய இன்றும் முறுக்கைக் கடிக்க அது எனக்குத் துணை நிற்கிறது. "எதற்கு ஐயா இதை வைத்துக்கொண்டு?" என்று ஒருவர் கேட்டார். நேராக வந்திருக்கிறது, மேற்பல்லோடு பொருந்திக் கடிக்கிறது, பிரஷ் எட்டுகிறது, ஈறு நலமாக இருக்கிறது. இத்தகைய மாணவனை எந்த ஆசிரியன் வெளியே அனுப்புவான்?

பிரிட்டனில் மருத்துவ நெறிகளை வகுக்கும் தேசிய நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இதையே வலியுறுத்தியது: நோய் இல்லாத ஞானப்பல்லை வழக்கமாகப் பிடுங்கிவிடும் முறையைக் கைவிடவேண்டும் என்றது. அமெரிக்காவில் முன்கூட்டியே எடுத்துவிடும் பழக்கம் மிகுதி. இந்த இரு சாராரும் ஒத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அவற்றை நாம் நினைவில் வைத்தாற் போதும். ஈற்று வீக்கம் ஒருமுறை கடுமையாகவோ, இரண்டாம் முறையாகவோ வந்தால் எடுக்கவேண்டும். அடைத்துச் சீர்செய்ய இயலாதபடி அப்பல் சொத்தையானால் எடுக்கவேண்டும். அண்டைப் பல்லையோ அதன் எலும்பையோ அரித்தால் எடுக்கவேண்டும். பல்லைச் சுற்றி எலும்புக்குள் நீர்ப்பை போன்ற கட்டி தோன்றினால் எடுக்கவேண்டும். இவை எவையும் இல்லையேல், ஆண்டுதோறும் பல் மருத்துவரிடம் காட்டிக் கண்காணித்தால் போதும். முன்பற்கள் கோணுவதற்கு ஞானப்பல்தான் காரணம் என்று கருதி அதை எடுப்பதும் தேவையற்றது. அக்கருத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

எடுக்கவேண்டும் என்று முடிவானால் நாள் கடத்துவது நல்லதன்று. இருபதுகளின் தொடக்கத்தில் வேர் முழுதும் முற்றியிராது. எலும்பும் இளகிய தன்மையோடு இருக்கும். புண் விரைவில் ஆறும். வயது ஏற ஏற வேலை கடினமாகிறது. எடுப்பதற்கு முன் எக்ஸ்ரே படம் இன்றியமையாதது. ஏனெனில் கீழ்த்தாடை எலும்பின் உள்ளே, ஞானப்பல்லின் வேர்களுக்கு அருகில், உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று ஓடுகிறது. அது நலிந்தால் உதடு மரத்துப்போகும். பெரும்பாலோர்க்கு அது நாளடைவில் சரியாகும். அரிதாகச் சிலர்க்கு நிலைத்துவிடும். ஆகவே வேர் எங்கே, நரம்பு எங்கே என்று பார்த்தபின்பே மருத்துவர் கருவியை எடுப்பார்.

இனி நம் மக்களிடையே உள்ள அச்சங்கள். மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பார்கள். பல்லின் நரம்பு வேறு. பார்வைக்குரிய நரம்பு வேறு. ஆகவே பல்லை எடுப்பதனால் பார்வை குன்றுவதில்லை. ஞானப்பல்லை எடுத்தால் ஞானம் போய்விடுமோ என்பாரும் உண்டு. ஞானம் பல்லில் இருந்திருந்தால் எங்கள் வேலை எவ்வளவு எளிதாகியிருக்கும்! வலியைப் பற்றிய அச்சமும் பழங்காலத்தது. 1844ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்கப் பல் மருத்துவர் ஓரசு வெல்சு என்பவர், நகைப்பூட்டும் வாயுவை முகர்ந்துகொண்டு தம் கடைவாய்ப் பல்லையே எடுக்கச் செய்து, வலியின்றி எடுக்கலாம் என்று காட்டினார். இன்று ஈற்றில் போடும் ஓர் ஊசியே அவ்விடத்தை மரக்கச் செய்துவிடுகிறது.

அஞ்சவேண்டியது வேறொன்று உண்டு. அது தூய்மைக் குறைவு. 2023ஆம் ஆண்டில் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர், மூளையைத் தாக்கும் கிருமி நோயால் மாண்டனர். அறுவைக் கருவியைக் கொண்டே உப்புநீர்ப் புட்டியைத் திறந்து, அதைச் சரிவர மூடாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதே வழி என்று ஆராய்ந்தோர் கண்டனர். எனவே முறையாகப் பட்டம் பெற்றவரிடமே செல்லுங்கள். கருவிகள் வேகவைத்துத் தூய்மை செய்யப்பட்டனவா, புதிய புட்டியா என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது நம் உரிமை. நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து, கருவுற்றிருத்தல் ஆகியவற்றை மருத்துவரிடம் மறையாமல் சொல்லுங்கள்.

பல்லை எடுத்தபின் பஞ்சுத் துணியை அரை மணிக்குக் குறையாமல் கடித்திருங்கள். அன்று முழுதும் கொப்பளிக்கவோ, காறித் துப்பவோ, குழல் வைத்து உறிஞ்சவோ வேண்டா. குழியில் உறைந்த இரத்தமே புண்ணுக்குப் போர்வை. புகையும் புகையிலையும் கூடவே கூடா. ஆறிய கஞ்சியும் மோர்ச்சோறும் போதும். மறுநாள் முதல் இளஞ்சூட்டு உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். இரண்டு மூன்று நாள் வீக்கம் இருப்பது இயல்பு. மூன்றாம் நான்காம் நாளில் வலி குறையாமல் மிகுந்தால் மருத்துவரிடம் திரும்பச் செல்லவேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளை விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, மதிப்பெண்ணைக் கேட்கும் வாயால், "கடைசிப் பல் வந்துவிட்டதா? வலிக்கிறதா?" என்றும் கேளுங்கள். வாயைத் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, தாடைக்குக் கீழே வீங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திராமல் அவ்விரவே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மற்றபடி, வலி இல்லாத நாளிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நான் சொன்ன அந்தப் பையன் நலம் பெற்று, இன்று ஒரு குழந்தைக்குத் தந்தையாக இருக்கிறான். சென்ற சாரல் காலத்தில் தெருவில் என்னைக் கண்டதும் நின்று, தன் தம்பியைக் காட்டி, "இவனுக்கு வலியே இல்லை சார், இருந்தாலும் படம் எடுத்துப் பார்த்துவிட்டோம். பல் நேராக இருக்கிறதாம், எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்றான். இருவரும் குற்றாலம் செல்லும் பஸ்ஸில் ஏறினார்கள். அன்று நானும் கவலையின்றிச் சிரித்தேன்.