டிரெய்லரின் பிரேக் விளக்கு எரியவில்லையா?

கரும்பு வெட்டும் பருவத்தில் பாரம் ஏற்றிய டிரெய்லர்கள் இரவு நேரத்தில்தான் அதிகமாக ஆலைக்குப் போகின்றன. டிராக்டர் ஓட்டுபவர் பிரேக்கை மிதித்தது பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தெரிய வேண்டுமானால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும். எரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. பழைய வண்டிகளில் இந்தக் கோளாறைப் பெரும்பாலும் பட்டறைக்குப் போகாமலே கண்டுபிடித்து விடலாம்.

விளக்கு எரியவில்லை என்றதும் பல்பை மாற்றுவதுதான் வழக்கம். ஆனால் கோளாறு பல்பில் இருப்பதைவிட எர்த்திலும் இணைப்புகளிலும் இருப்பதே அதிகம். 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரில் பொருத்தி, இரண்டு வயர்களை இணைத்தால் சோதனை விளக்கு தயார். ஒரு வயரை வண்டியின் சுத்தமான இரும்பில் பிடித்துக்கொண்டு, மற்றதால் சந்தேகப்படும் இடத்தைத் தொட வேண்டும். எரிந்தால் அதுவரை மின்சாரம் வருகிறது என்று பொருள். பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிடிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அவற்றிலும் இந்தச் சோதனை செல்லும்.

முதலில் சாவியைப் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தனியாக இருப்பவர் இருட்டிய பிறகு வண்டியின் பின்புறத்தை வெள்ளையடித்த சுவர் பக்கம் நிறுத்தி மிதித்தால், சுவரில் விழும் சிவப்பு வெளிச்சமே சொல்லிவிடும். டிராக்டரிலும் டிரெய்லரிலும் எரியாவிட்டால் பியூஸ் அல்லது பெடல் அருகிலுள்ள ஸ்விட்ச் பழுது. டிராக்டரில் மட்டும் எரிந்தால் பிளக்கையும் அதற்குப் பின்னுள்ள வயரையும் பார்க்க வேண்டும். எலி கடித்த இடமும் அங்கேதான் இருக்கும்.

ஸ்விட்சின் இரண்டு வயர்களையும் கழற்றி, ஒன்றோடொன்று தொட வைத்தால் விளக்கு எரிகிறதா? எரிந்தால் ஸ்விட்சை மாற்ற வேண்டியதுதான். பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸையே போட வேண்டும். செம்புக் கம்பியையோ சிகரெட் தாளையோ சுற்றி ஓட்டுவது, வைக்கோல் ஏற்றும் வண்டியில் நெருப்பை மடியில் கட்டிக்கொள்வது போன்றது.

இனி எர்த். மின்சாரம் வயர் வழியாகப் பல்புக்குப் போய், வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. டிரெய்லரில் இந்தத் திரும்பும் பாதை இணைப்புக் கொக்கியையும் பின்னையும் நம்பியிருந்தால், கிரீசும் துருவும் மண்ணும் அதை மறித்துவிடும். உரம் ஏற்றும் டிரெய்லரில் சிந்தும் யூரியாவும் பொட்டாஷும் துருவை விரைவுபடுத்தும். பிரேக்கை மிதித்ததும் டெயில் விளக்கு மங்கினாலும், இண்டிகேட்டர் போடும்போது மற்ற விளக்குகளும் சேர்ந்து மினுக்கினாலும் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். திரும்ப வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து விளக்கின் இழை வழியே புகுந்து போகிறது.

பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நீளமான வயர் ஒன்றை இழுத்து, ஹோல்டரின் இரும்பில் தொட வைக்க வேண்டும். உடனே பளிச்சென்று எரிந்தால் ஐயமே இல்லை. பிளக் வழியாக டிரெய்லருக்குத் தனி எர்த் வயர் கொடுப்பதே நிலையான வழி. போல்ட் மாட்டும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்கும் இரும்பில் முடுக்கி, மேலே வாஸ்லைன் தடவ வேண்டும். மங்கலாகவேனும் எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. பல்புக்கு வரும் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்.

பல்பில் 21 வாட், 5 வாட் என இரண்டு இழைகள் உண்டு. மாற்றிப் போடக் கூடாது என்பதற்காகவே அதன் இரு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் அமைந்துள்ளன. தேய்ந்த ஹோல்டரில் பலவந்தமாகத் திருப்பிப் போட்டால் டெயில் விளக்கு பளிச்சென்றும் பிரேக் விளக்கு மங்கலாகவும் எரியும்.

பெடலை விட்ட பிறகும் அணையாத விளக்கு வேறொரு தொல்லை. சில வண்டிகளில் சாவியை எடுத்த பின்னும் எரியும். 21 வாட் பல்புகள் இரண்டு இரவில் 10 மணி நேரம் எரிந்தால் 35 ஆம்பியர்-மணி செலவாகும். 75 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஏறக்குறையப் பாதி. பெடல் ஸ்பிரிங்கையும் ஸ்விட்ச் சிக்கியுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

டிரெய்லரைக் கழற்றியதும் பிளக்கைச் சேற்றில் போடாமல், பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை அதன் மேல் மாட்டி, உயரத்தில் கட்டி வைப்பது நல்லது.