செவிப்பறைக்குப் பின்னே என்ன இருக்கிறது?

கேட்கப் பழகும் காதுகள் – 9

கூடலூரில் பஸ் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி, குமுளி மலைப்பாதையின் வளைவுகளில் திரும்பத் தொடங்கியதும் காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினால் 'பட்'டென்று திறக்கும். விடியும் முன்னே ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குக் கிளம்பும் பெண்களுக்கு இது அன்றாடம் பழகிய விஷயம்.

100 மீட்டர் உயரம் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 110 டெகாபாஸ்கல் குறைகிறது. குமுளி போய்ச் சேர்வதற்குள் 400 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். வெளியே அழுத்தம் குறைந்துவிட, செவிப்பறைக்கு உள்ளே அடைபட்ட காற்று மட்டும் பழைய அழுத்தத்திலேயே நிற்கிறது. அது பறையை வெளிப்பக்கமாகத் தள்ளி இறுக்குகிறது. இறுகிய பறை நன்றாக அதிராது. பக்கத்து சீட்டுக்காரர் பேச்சு மந்தமாகக் கேட்பது அதனால்தான். விழுங்கும்போது, நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறம் வரை போகும் யூஸ்டேஷியன் குழாய் திறந்து, இரண்டு பக்கத்து அழுத்தமும் சமமாகிறது.

இந்த மலையேற்றத்தையும் இறக்கத்தையும் ஒரு குழந்தையின் காதுக்குள் சில நொடிகளில் நடத்திப் பார்ப்பதுதான் டிம்பனோமெட்ரி.

அது ஏன் தேவைப்படுகிறது? சென்ற வாரம், பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் ஓ.ஏ.இ. பரிசோதனையைப் பார்த்தோம். நாம் அனுப்பும் ஒலி நடுக்காதைக் கடந்து உள்காதுக்குப் போக வேண்டும். உள்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியும் அதே நடுக்காது வழியாகத்தான் வெளியே வர வேண்டும். வழியில் நீர் தேங்கியிருந்தால், உள்காது எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் கருவி 'ரெஃபர்' (மேல் பரிசோதனை தேவை) என்றுதான் காட்டும். ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்ததும் குழந்தைக்குக் காது கேட்காது என்று அழவும் வேண்டாம். "சளியா இருக்கும், தானா சரியாயிரும்" என்று வீட்டுக்குத் திரும்பிவிடவும் வேண்டாம். தடை நடுக்காதிலா, அதற்கும் உள்ளேயா என்று பிரித்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.

முதலில் ஆட்டோஸ்கோப் என்ற சிறு விளக்கால் காதுக்குள் பார்ப்பார்கள். பச்சிளம் குழந்தைக்குக் காது மடலைக் கீழ்ப்பக்கமும் பின்பக்கமும் மெல்ல இழுத்தால் குழாய் நேராகும். வளர்ந்த பிள்ளைக்கு மேல்பக்கமும் பின்பக்கமும் இழுக்க வேண்டும். அழுக்கோ புண்ணோ சீழோ இல்லை என்று தெரிந்தபின், மென்மையான ரப்பர் முனை கொண்ட சிறு கருவியைக் காது வாசலில் பொருத்துவார்கள். அதற்குள் மூன்று வழிகள்: ஒன்றில் சன்னமான ரீங்காரம் போகும், ஒன்றில் திரும்பி வரும் ஒலியை மைக் அளக்கும், மூன்றாவது, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்புக்கு உரியது. வழக்கமாக +200 டெகாபாஸ்கலில் தொடங்கி –400 வரை இறக்குவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. ஆனால் குழந்தை அழுதாலோ, சப்பிக்கொண்டிருந்தாலோ வரைபடம் குலைந்துவிடும். பால் குடித்து அம்மா மடியில் தூங்கும் நேரம்தான் சரியான நேரம்.

பறை தளர்வாக இருக்கும்போது அதிக ஒலி உள்ளே போகும். இறுகும்போது அதிகம் திரும்பி வரும். அழுத்தம் மாற மாற இது எப்படி மாறுகிறது என்பதே வரைபடம். நல்ல காதில் பூஜ்யத்தை ஒட்டி ஒரு கூம்பு எழும். இதை 'ஏ' வகை என்பார்கள். பறைக்குப் பின்னால் நீர் இருந்தால் எந்த அழுத்தத்திலும் பறை அசையாது. கூம்பே இல்லாத தட்டைக் கோடு வரும். இது 'பி' வகை. குழாய் அடைபட்டு உள்ளே அழுத்தம் குறைந்திருந்தால் கூம்பு எதிர்மறைப் பக்கம் நகர்ந்து நிற்கும். இது 'சி'. தட்டைக் கோட்டோடு காதுக்குழாயின் கொள்ளளவு வழக்கத்துக்கு மேல் பெரிதாகத் தெரிந்தால் பறையில் ஓட்டை இருக்கலாம். மிகச் சிறிதாகத் தெரிந்தால் அழுக்கு அடைத்திருக்கலாம், அல்லது ரப்பர் முனை சுவரில் முட்டிக்கொண்டிருக்கலாம்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆட்டோ மெட்ஸ். அவருடைய ஆய்வு 1946-இல் வெளியானது. 1959-இல் அதே நாட்டின் டெர்கில்ட்சன், தாம்சன் இருவரும் அழுத்தத்தை மாற்றி அளக்கும் முறையைத் தந்தார்கள். ஏ, பி, சி என்ற பகுப்பை 1970-இல் நிலைநிறுத்தியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஜெர்கர். கருவிகளில் 226 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ரீங்காரம் நிலைத்துவிட்டது. ஒரு கன சென்டிமீட்டர் காற்றை ஓர் அலகாகக் கணக்கிட அது வசதி. வளர்ந்த காதுகளுக்கு அது போதும்.

பச்சிளம் காதுக்குப் போதாது. பிறந்த குழந்தையின் காதுக்குழாய்ச் சுவரில் எலும்பு இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. அழுத்தம் ஏற்றினால் பறையோடு சுவரும் சேர்ந்து அசையும். நடுக்காதில் கருவில் இருந்த திசுவின் மிச்சமும் இருக்கக்கூடும். இப்படிப்பட்ட காதில் 226 ஹெர்ட்ஸ் வைத்துப் பார்த்தால், உள்ளே நீர் நிறைந்திருந்தாலும் அழகான கூம்பு எழுந்து ஏமாற்றலாம். 'நடுக்காது நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு உள்காதில்தான்' என்று குடும்பம் இடிந்துபோக அந்தப் பொய்க் கூம்பு ஒன்றே போதும். அதனால்தான் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு 1000 ஹெர்ட்ஸ் ஒலியால் சோதிக்க வேண்டும் என்று குழந்தைகள் செவித்திறனுக்கான அமெரிக்கக் கூட்டுக்குழு 2007-இல் வலியுறுத்தியது. ஒரே ஒலிக்குப் பதிலாகப் பல அதிர்வெண்களில் ஒருசேர அளக்கும் 'வைட்பேண்ட்' கருவிகளும் இப்போது வந்திருக்கின்றன.

இதே கருவியில் இன்னொன்றையும் பார்க்கலாம். பலத்த ஒலி கேட்டதும் நடுக்காதின் ஸ்டேபீடியஸ் என்ற குட்டித் தசை தானாகச் சுருங்கும். குழந்தை கையைத் தூக்கவோ பதில் சொல்லவோ வேண்டியதில்லை. உடம்பே பதில் சொல்லிவிடும். நீர் தேங்கிய காதில் இந்த அசைவு பதிவாகாது. டிம்பனோமெட்ரி சரியாக இருந்தும் இது பதிவாகவில்லை என்றால், உள்காதையோ செவி நரம்பையோ ஆராய வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டிம்பனோமெட்ரி கேட்கும் திறனை அளப்பதில்லை. பறையும் நடுக்காதும் எப்படி இயங்குகின்றன என்பதை மட்டும் காட்டுகிறது. 'ஏ' வகை வந்த குழந்தைக்கு உள்காதுக் குறைபாடு இருக்கலாம். 'பி' வகை வந்த குழந்தைக்கு நீரோடு சேர்த்து உள்காதுக் குறைபாடும் இருக்கலாம். ஆகவே நீர் வற்றட்டும் என்று, ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அளக்கும் பெரா பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. எலும்பு வழியாக ஒலியைச் செலுத்திச் செய்யும் பெராவால், நடுக்காதைத் தாண்டி உள்காதின் நிலையை அறிய முடியும். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்ற அளவுகோலைத் தவறவிடாமல் இருக்க இதுவே வழி. காக்ளியர் இம்ப்ளான்ட் தேவைப்பட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. அதுவும் ஆறு வயதுக்குள்.

வளர்ந்த பிள்ளைகளின் கதை வேறு. சின்ன வயதில் யூஸ்டேஷியன் குழாய் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் சளி பிடித்தால் எளிதில் நீர் தேங்கும். வலி இருக்காது, சுமார் 25 டெசிபெல் அளவுக்குக் கேட்பு குறையும். வகுப்பில் டீச்சர் பேசுவது பாதிதான் எட்டும். அந்தப் பிள்ளைக்கு 'கவனமில்லாதவன்' என்ற பெயர் கிடைக்கும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் நீர் தானாக வற்றிவிடும். வற்றாதபோது காது மூக்கு தொண்டை மருத்துவரின் சிகிச்சை வேண்டும். வற்றியதா இல்லையா என்பதைத் திரும்பத் திரும்பச் செய்யும் டிம்பனோமெட்ரி காட்டிக்கொடுக்கும்.

நம் ஊரில் தலைக்கு ஊற்றும்போது காதில் எண்ணெய் விடுவதும், பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடுவதும் இன்னும் நிற்கவில்லை. வெளியிலிருந்து ஊற்றும் எண்ணெய் பறைக்குப் பின்னால் உள்ள நீரைத் தொடவே முடியாது. பறையில் ஓட்டை இருந்தாலோ உள்ளே இறங்கிக் கெடுதல் செய்யும். "எங்க காலத்துல விடாத எண்ணெயா?" என்று கேட்கும் அப்பத்தாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகின்றன. பிறவிக் கேட்புக் குறைபாடும் நடுக்காது அழற்சியும் அத்திட்டத்தின் பட்டியலில் உள்ளவை. மேல் பரிசோதனைக்காக, ஆடியாலஜிஸ்டோடு கூடிய மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் அதே திட்டத்தில் அடங்கும். தேனி மாவட்டத்தார் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரிக்கலாம். கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி எல்லாம் கடந்து போக வேண்டும். தோட்டக்கூலியை ஒரு நாள் இழந்துதான் ஒரு தாய் அங்கே வருகிறார். அந்த ஒரு நாள் வீணாகக் கூடாது.

எனவே பரிசோதனை அறையிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். 'என் குழந்தையின் வயதுக்கு 1000 ஹெர்ட்ஸ் தேவையா, அதில்தான் செய்தீர்களா? நடுக்காதில் நீர் இருக்கிறதா? பெரா எப்போது?' பதில்களைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் எழுதி வையுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது நல்ல ஆடியாலஜிஸ்டுக்குச் சிரமமே இல்லை.

(அடுத்த வாரம்: தூங்கும் குழந்தையிடம் பெரா எதைக் கேட்கிறது?)